வல்லூறை மனுப் போட்டு விரட்டிய ஓணான்

ஒரு காட்டில் சிங்கம் இல்லை, புலி இல்லை, யானை இல்லை. மரம்கூட அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. இதையெல்லாம் காடு என்று எப்படிச் சொல்லலாம் என்று சண்டைக்கு வருகிறவர்கள் திருச்செந்தூர்ப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மணல், நாலு பனை, ரெண்டு முந்திரி, கால் வைத்தால் தைக்கிற உடைமரம். அதற்குப் பெயர் தேரிக்காடு. சித்திரை மாதத்து நண்பகலில் அந்த மணலில் செருப்பில்லாமல் நடந்தவன் நரகத்தைப் பற்றிப் பிறகு யாரிடமும் விளக்கம் கேட்கமாட்டான்.

அந்த வெயிலிலும் வீட்டைவிட்டு வெளியே வந்து உட்கார்ந்திருக்கிற சாதி விசிறி ஓணான். வாலைக் கழித்துவிட்டால் சுண்டுவிரல் அளவு உடம்பு. நிறம் மணல் நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் சருகு, கிட்டத்தில் பார்த்தாலும் சருகுதான். ஆனால் ஆண் ஓணானுக்குத் தாடைக்குக் கீழே ஒரு விசிறியை மடித்து வைத்திருக்கிறது இயற்கை. கோடை வந்ததும் அதை விரிப்பான். நீலம், கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று நிறம். கட்சிக்கொடி மாதிரி இருக்கும், எந்தக் கட்சி என்று என்னைக் கேட்காதீர்கள். பெண் ஓணானுக்கு இந்த வேலையெல்லாம் கிடையாது. மணல்மேட்டில் ஏறி, முன்கால்களை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, விரித்து மடக்கி, விரித்து மடக்கி இவன் காட்டவேண்டும். அவள் பார்ப்பாள். பிடித்தால் வருவாள், பிடிக்காவிட்டால் எறும்பு தின்னப் போய்விடுவாள். பெரும்பாலும் எறும்புதான் ஜெயிக்கும்.

நம்முடைய கதாநாயகன் பெயர் தங்கப்பழம். நல்ல ஓணான். விசிறியில் ஒரு குறை சொல்ல முடியாது. அவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை, அது சிவந்திக்கனி. அவள் தன் அத்தை மகள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். முட்டையிட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத் தாய் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிற குலத்தில் யார் அத்தை, யார் மகள் என்று எவனுக்குத் தெரியும்? ஆனாலும் அவளும் மறுக்கவில்லை, வாய் நிறைய அத்தான் என்றுதான் கூப்பிட்டாள்.

ஆசைக்குக் குறுக்கே நின்றது வல்லூறு. சிவந்திக்கனியின் கண்ணில் படவேண்டுமானால் மேட்டில் ஏறவேண்டும். அவள் கண்ணில் படுகிற மேடு வானத்தின் கண்ணிலும் படும். அந்த வானத்தில் சமுத்திரபாண்டி என்கிற வல்லூறு சுற்றிக்கொண்டிருந்தார். தங்கப்பழம் விசிறியை விரிப்பான். சிவந்திக்கனி தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். அந்த நேரம் பார்த்து மணலில் ஒரு நிழல் ஓடும். தங்கப்பழம் விசிறியைச் சுருட்டிக்கொண்டு, பின்கால் இரண்டில் எழுந்து நின்று, வேட்டியைத் தூக்கிப் பிடித்தவன்போல ஓடி உடைமரத்து முள்ளுக்குள் புகுந்துகொள்வான். முள்ளுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தால் சிவந்திக்கனி எறும்பு தின்றுகொண்டிருப்பாள். முதல் கோடை முழுக்க இதுதான் நடந்தது.

விசிறி ஓணானுக்கு ஆயுசு கொஞ்சம். இரண்டு கோடை கண்டால் அது பெரிய கட்டை. மூன்றாவது கோடை கண்ட ஓணான் தேரியில் கிடையாது. ஆக, தங்கப்பழத்துக்கு மிச்சம் இருந்தது இன்னும் ஒரே ஒரு கோடை. அதிலும் கோட்டைவிட்டால் பிரம்மச்சாரியாகவே போய்ச் சேரவேண்டியதுதான்.

அவன் யோசித்தான். வீரம் வளர்த்துக்கொள்ளலாமா என்று யோசித்தான். அது கஷ்டமாகப் பட்டது. மனுக் கொடுப்பது சுலபமாகப் பட்டது.

தேரிக்காட்டில் திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் முகாம் நடக்கும். முந்திரி நிழலில் மயில் அதிகாரி அமர்ந்து மனு வாங்குவார். மயில் ஓணானைத் தின்னும், இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அலுவலக நேரத்தில் தின்னக் கூடாது என்று விதி இருந்தது, அதிகாரி விதியை மீறாதவர். மதியச் சாப்பாட்டு வேளைக்கு அந்த விதி பொருந்தாது. ஆகவே வரிசையில் நிற்கிற பல்லியும் அரணையும் ஓணானும் சூரியன் உச்சிக்கு வருமுன் மனுவைக் கொடுத்துவிட்டு இடத்தைக் காலி செய்யவேண்டும். வரிசை மெதுவாக நகர்ந்தால் மனுக்களும் குறையும், மனுதாரர்களும் குறைவார்கள். அந்த வட்டாரத்திலேயே நிலுவை மனு இல்லாத அலுவலகம் என்று அதற்கு விருதுகூடக் கிடைத்திருந்தது.

தங்கப்பழத்தின் முறை வரும்போது வெயில் கிட்டத்தட்ட உச்சியில்.

"என்னவே குறை?" என்றது மயில்.

"வல்லூறு ஐயா. விசிறி விரிக்க விடமாட்டேங்கு. வாழ்க்கையே போச்சு."

"வல்லூறை என்ன செய்யணும்ங்கீரு?"

"இங்கன இருந்து அனுப்பிரணும் ஐயா. எங்க போனாலும் சரி."

மயில் மனுவை வாங்கிக் காலுக்கடியில் வைத்துக்கொண்டது. "ஆவன செய்யப்படும். கெளம்பும். மணி ஆகுது," என்று அலகைத் துடைத்துக்கொண்டது. தங்கப்பழம் இரண்டு காலில் எடுத்த ஓட்டம் வீடு வந்துதான் நின்றது.

மயில் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்வதாக உத்தேசமும் இல்லை. ஆனால் அந்த மழைக்காலத்தில் மனிதர்கள் லாரியில் வந்தார்கள். பனையைவிட உயரமான வெள்ளைத் தூண்களை நட்டார்கள். ஒவ்வொரு தூணின் தலையிலும் மூன்று கைகளை மாட்டினார்கள். காற்று அடித்ததும் அந்தக் கைகள் ஊங் ஊங் என்று சுற்றின. ஊரார் அதைக் காத்தாடி என்றார்கள். அதிலிருந்து கரண்டு வருகிறதாம், எங்கே போகிறதோ தெரியாது. சமுத்திரபாண்டி ஒரு தடவை பக்கத்தில் போய்ப் பார்த்தார். வாலில் ரெண்டு இறகு போனது. மறுநாளிலிருந்து தேரியின் வானம் காலி.

அதற்கடுத்து வந்த முகாமில் மயில், "பாத்தீரா, உம்ம மனுமேல நடவடிக்கை எடுத்தாச்சு. குறை தீர்ந்ததுன்னு ஒரு கையெழுத்தைப் போடும்," என்றது. தங்கப்பழம் ஆனந்தக் கண்ணீரோடு போட்டான். சர்க்காரே தன் கல்யாணத்துக்காக இவ்வளவு பெரிய காத்தாடிகளை நட்டிருக்கிறது என்று சத்தியமாக நம்பினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, மனுக் கொடுத்த எல்லாருமே மழை பெய்தாலும் தன் மனுவால்தான் பெய்தது என்று நம்புகிறவர்கள்தான்.

இரண்டாவது கோடை பிறந்தது. தங்கப்பழம் குளித்து முழுகி (ஓணான் குளிப்பது மணலில்) மேட்டுக்குப் போனான். மேட்டில் நிற்க இடமில்லை.

வல்லூறு இல்லாததால் அந்த வருஷம் பொரித்த குஞ்சு எல்லாமே பிழைத்துவிட்டது. பார்த்த இடமெல்லாம் இளவட்டங்கள். அத்தனை பேரும் விசிறியை விரித்துக்கொண்டு நின்றார்கள். மேட்டில் விரித்தார்கள், பள்ளத்தில் விரித்தார்கள், படுத்துக்கொண்டு விரித்தார்கள், யாரும் பார்க்காதபோதும் விரித்தார்கள். வாய்கள் பெருகியதால் எறும்பு பற்றவில்லை. எறும்பும் கறையானும் வயிறாரத் தின்றால்தான் விசிறியில் நிறம் ஏறும். பயல்களுடைய விசிறியெல்லாம் பலதடவை துவைத்த கைலி மாதிரி வெளுத்துக் கிடந்தது. பசி வேறு. எவளாவது முட்டையிட மணலைத் தோண்டினால் போதும், சுற்றி நின்று பார்ப்பார்கள், அவள் அந்தப்பக்கம் போனதும் கிளறித் தின்றுவிடுவார்கள். பெண் ஓணான்கள் வயிற்றில் பாரத்தோடு எங்கே போவது என்று தெரியாமல் அலைந்தன.

தங்கப்பழத்தின் கண்ணில் இதெல்லாம் படவில்லை. அவன் முட்டி மோதி மேட்டின் உச்சியில் இடம்பிடித்து விரித்தான். சிவந்திக்கனி அந்தப்பக்கமாக வந்தாள்.

"ஏளா சிவந்தி, பாத்தியா?"

"பாத்தேன் அத்தான்."

"எப்படி இருக்கு?"

"இருக்கு. அந்தா நிக்கானே, அவனுக்கும் இருக்கு. வாயில எறும்பை வச்சிக்கிட்டு ஒருத்தன் விரிக்கான், அவனுக்கும் இருக்கு. எல்லாவனும் விரிச்சா நான் யாரைப் பாக்க?"

"நான் உச்சியில நிக்கேன்லா!"

"அதுல என்ன இருக்கு? முன்னெல்லாம் உச்சியில ஏறுதவன் உசிரைக் கையில புடிச்சிக்கிட்டு ஏறுவான். நிழலு வந்தாலும் மடக்காம எவன் நிக்கானோ அவனைப் பாத்தா ஒரு இது இருக்கும். இப்ப சும்மா நிக்கதுக்கு என்ன, கம்பு நட்டு வச்சாலும் நிக்கும்." சொல்லிவிட்டு எறும்பைத் தேடிக்கொண்டு நடந்தாள். எறும்பும் கிடைக்கவில்லை, முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள்.

தங்கப்பழத்துக்குத் தலை சுற்றியது. எந்த வல்லூறை விரட்ட மனுப் போட்டானோ அந்த வல்லூறு இல்லாமல் இப்போது கல்யாணம் நடக்காது. திங்கட்கிழமை மறுபடியும் போய் முந்திரி நிழலில் நின்றான்.

"வல்லூறு வேணும்னு மனுவா?" மயில் கழுத்தை நீட்டிப் பார்த்தது. "போன வருசம் நீருதானவே வேண்டாம்ன்னீரு? குறை தீர்ந்ததுன்னு கையெழுத்தும் போட்டாச்சு. தீர்ந்த குறையைத் திருப்பிக் கொண்டாரதுக்கு விதியில இடமில்ல." பிறகு வெயிலைப் பார்த்தது, தங்கப்பழத்தைப் பார்த்தது. "பேசிக்கிட்டே இருந்ததுல மணி ஆயிட்டு."

தங்கப்பழம் ஓடினான். இந்தத் தடவை வீட்டுக்கு ஓடவில்லை, அன்றைக்கு வல்லூறு பறந்துபோன திசையில் நேரே நெடுஞ்சாலைக்கு ஓடினான். தார் சுட்டது, லாரி காற்று இரண்டு தடவை புரட்டிப் போட்டது, அவன் நிற்கவில்லை. காதல் என்றால் சும்மாவா? சாலையோரம் ஒரு பரோட்டாக் கடை. அதன் பின்புறம் கோழிக் கழிவைக் கொட்டுகிற இடத்தில், தொந்தி தரையைத் தொட, சமுத்திரபாண்டி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, நல்லா இருக்கியளா?"

"யாருலே அது?"

"தேரிக்காட்டுத் தங்கப்பழம் அண்ணாச்சி."

"உன்னை நான் தின்னுருக்கேனா?"

"இல்ல அண்ணாச்சி. மூணு நாலு தடவை குறி தப்பிருக்கு."

"அப்படியா? சவம், ஞாபகம் இல்ல," என்று வல்லூறு ஒரு குடல்துண்டை விழுங்கியது. "வயித்துக்கு ஒரு குறையும் இல்லலே. முன்ன அஞ்சு தடவை பாஞ்சா ஒரு தடவை கிடைக்கும், இங்க உக்காந்த இடத்துல கிடைக்கு. ஆனா மரியாதை இல்ல. காக்கா வந்து தலையில கொத்துது. கடைக்காரன் என்னைக் கோழின்னு நெனச்சு ச்சூ-ங்கான். என்னைப் பாத்து ஒரு உசிரு அலறி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

தங்கப்பழம் விஷயத்தைச் சொன்னான். வல்லூறு மேட்டை நோக்கிப் பாயவேண்டும். நகம் படக்கூடாது, தலைக்கு ஒரு சாண் மேலே உரசிக்கொண்டு போனால் போதும். இவன் மடக்காமல் நிற்பான், சிவந்திக்கனி பார்ப்பாள்.

"எல்லாம் சரி. எனக்கு என்ன கிடைக்கும்?"

"ஊரே அலறும் அண்ணாச்சி. விழுந்தடிச்சு ஓடும்."

சமுத்திரபாண்டியின் கண்ணில் நீர் கோத்தது. "ஓடுமாலே? நெசமாவா? அந்தக் காத்தாடிதான் யோசனையா இருக்கு."

"காலையில வெயிலு ஏறினதும் வாங்க. காத்து எழும்ப நேரமாகும், அதுவரைக்கும் அது மரம் மாதிரி நிக்கும்."

பேச்சு முடிந்தது. தங்கப்பழம் திரும்பி வந்து சிவந்திக்கனியிடம், "நாளைக்குக் காலையில மேட்டுக்கு வா. வாழ்க்கையில பாக்காததைக் காட்டப் போறேன்," என்றான்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஊரு மொத்தமும் வருமா அத்தான்?"

"ஊரு எதுக்கு?"

"வரச்சொல்லுங்க. ஒருத்தன் பாக்கி இல்லாம வரணும். இல்லைன்னா நான் வரலை."

ஊரறிய மாலை மாற்ற நினைக்கிறாள் என்று தங்கப்பழம் புல்லரித்துப்போனான். பொழுது சாயும்வரை புதர் புதராகப் போய் அழைத்தான். வேறு சோலி இல்லாத பயல்கள், எல்லாரும் வருவதாகச் சொன்னார்கள்.

மறுநாள் வெயில் ஏறியது. மேட்டைச் சுற்றிக் கூட்டம். காத்தாடிகள் அசையாமல் நின்றன. தங்கப்பழம் உச்சியில் ஏறி விரித்தான். நீலமும் கறுப்பும் ஆரஞ்சும் வெயிலில் பளபளத்தன. வயதான காலத்திலும் அந்தக் கூட்டத்தில் அவன் விசிறிதான் விசிறி, அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அப்போது மணலில் நிழல் ஓடியது.

பேசி வைத்த நாடகம் என்று தெரிந்தும் உடம்பு கேட்கவில்லை. பின்கால் இரண்டும் ஓடத் துடித்தன. முள்ளுக்குள் புகச் சொல்லி ரத்தம் கத்தியது. தங்கப்பழம் கண்ணை மூடிக்கொண்டு, விசிறியை மடக்காமல், நின்ற இடத்தில் நின்றான். நான் அவனை இவ்வளவு நேரம் கேலி செய்தேன், ஆனால் அந்த ஒரு நொடிக்கு அவனுக்குச் சலாம் போடவேண்டும். உண்மையான வீரம் அதுதான்.

வல்லூறு ஒரு சாண் உயரத்தில் விர்ரென்று கடந்து போனது. தங்கப்பழம் கண்ணைத் திறந்தான். ஒருத்தனும் ஓடவில்லை.

எப்படி ஓடுவார்கள்? வல்லூறு போனபிறகு பிறந்த பயல்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏலே, அது என்னது பறக்கு?"

"காத்தாடியில இருந்து ஏதோ கழண்டு விழுந்திருக்கும்ல."

எல்லாரும் நிற்கிற இடத்தில் ஒருத்தன் நிற்பது வீரம் என்று யாருக்குத் தெரியும்? தங்கப்பழம் வேர்த்துப்போனான். சமுத்திரபாண்டி அவனைவிட மோசமாக வேர்த்துப்போனார். திரும்பி வந்து இரண்டாம் தடவை பாய்ந்தார், தொண்டை கிழியக் கத்தினார். ஒரு பொடியன், "அண்ணாச்சி, என்னை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க," என்றான். கூட்டம் சிரித்தது.

வல்லூறுக்கு முகம் சுண்டிப்போனது. மூன்றாம் தடவை பாய்ந்தபோது காலை நீட்டினார். தங்கப்பழம் தரையைவிட்டு எழும்பினான்.

"அண்ணாச்சி, நகம் படுது."

"படட்டும்."

"பேச்சு அப்படி இல்லையே அண்ணாச்சி!"

"அலறும்னு சொன்னியேலே, மூதி. கீழ பாரு. ஒருத்தன் ஓடுதானா?"

தொந்தி கனத்ததால் வல்லூறால் உயர எழும்ப முடியவில்லை. மேட்டுக்குக் கொஞ்சம் மேலாகவே வட்டம் போட்டது. ஊர் மொத்தமும் வாயைப் பிளந்து, தலையைச் சுற்றிச் சுற்றித் திருப்பி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. தங்கப்பழம் வலியைப் பொறுத்துக்கொண்டு சிவந்திக்கனியைத் தேடினான். கூட்டத்தில் காணோம். கூட்டத்துக்குப் பின்னால், எல்லாருடைய முதுகுக்கும் பின்னால், வெட்டவெளி மணலில் அவள் இருந்தாள். வேகவேகமாகக் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். அவள் மட்டுமல்ல, தேரியின் பெண் ஓணான்கள் அத்தனையும் வரிசையாகத் தோண்டிக்கொண்டிருந்தன.

"ஏளா சிவந்தி! பாத்தியா?" வட்டம் அவள் பக்கம் வந்தபோது கூட்டத்துக்குக் கேட்காத குரலில் கேட்டான்.

"நான் எங்க அத்தான் பாக்க? நானும் மேல பாத்தா வேலை நடக்குமா?" அவள் தலையைத் தூக்கவில்லை. "ஒரு பயலும் இந்தப்பக்கம் திரும்பலை, நல்லா இருப்பீங்க. விசிறியை மட்டும் மடக்கிராதீங்க. இன்னும் ரெண்டு முட்டை பாக்கி."

"யாரு முட்டைளா?"

"உடைமரத்தடியில ஒருத்தன் கெடப்பானே, விசிறி விரிக்கவே சோம்பல்பட்டுக்கிட்டு. அவன்தான்."

"அவன் மேடே ஏறலையே!"

"ஏறலை. அதான் போற வழியில கெடந்தான்."

தங்கப்பழம் ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். பின்னால பாருங்கலே, முட்டை, என்று சொல்லியிருந்தால் போதும். பசித்த கூட்டம் அப்படியே திரும்பியிருக்கும். குறைந்தபட்சம் விசிறியையாவது மடக்கியிருக்கலாம். அவனுக்கு வயிறு எரிந்தது, அழுகை வந்தது. ஆனால் மடக்கவில்லை. காதலுக்காக என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மை என்னவென்றால், இத்தனை பேர் அவனைப் பார்த்தது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. இன்னும் அகலமாக விரித்தான்.

காற்று மெல்ல எழும்பியது. காத்தாடியின் கைகள் முனக ஆரம்பித்தன. சமுத்திரபாண்டி அவசரமாக ஒரு பனைமட்டையில் போய் இறங்கி, தங்கப்பழத்தைத் தின்றார். பசிக்காகத் தின்னவில்லை, மரியாதைக்காகத் தின்றார். தின்றுவிட்டுப் பரோட்டாக் கடைக்குத் திரும்பினார்.

சிவந்திக்கனி கடைசி முட்டையையும் இட்டு, மணலைத் தள்ளி, மூக்கால் தட்டித் தட்டிச் சமன் செய்தாள். அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று கோயிலில் சத்தியம் பண்ணலாம், அவ்வளவு சுத்தமான வேலை. பிறகு எறும்பு தேடப் போனாள். கூட்டம் மட்டும் கலையவில்லை. இளவட்டங்கள் ஒருவனையொருவன் தள்ளிக்கொண்டு, வெளுத்த விசிறியை விரித்தபடி, மேட்டில் வரிசை கட்டி நின்றார்கள். அடுத்தது நான்தான் என்று முன்னால் நின்றவன் அண்ணாந்து கத்திக்கொண்டிருந்தான்.

நீதி: ஊரே அண்ணாந்து பார்க்கிற நேரத்தில் நீ குனிந்து உன் குழியைத் தோண்டு. அண்ணாந்து பார்க்க வைப்பதற்கு ஒரு தங்கப்பழம் எப்படியும் கிடைப்பான், வாய் நிறைய அத்தான் என்று கூப்பிட்டால் போதும்.